ஒளியைக் கேட்டல்

சவ்வாது மலைத்தொடரில், கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது காவலூர். நகர விளக்குகளின் ஒளி அண்டாத அம்மலைக்காட்டில், வைணு பாப்பு என்னும் வானியலறிஞரின் முயற்சியால், 1968ஆம் ஆண்டில் வானாய்வுப் பணி தொடங்கிற்று. 1986ஆம் ஆண்டில் அந்நிலையத்திற்கு அவர் பெயரே சூட்டப்பெற்றது.

1977ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஓர் இரவு, யுரேனசு என்னும் கோள் தொலைவிலுள்ள ஒரு விண்மீனை மறைக்கவிருந்தது. அதனைக் காவலூர் அறிஞர்கள் தொலைநோக்கியால் உற்று நோக்கினர். கோள் விண்மீனை நெருங்குமுன்னரே அதன் ஒளி சில நொடிகள் மங்கி, மீண்டும் தெளிந்தது. விமானத்தில் பறந்தவாறு ஆராய்ந்த அமெரிக்க அறிஞர்களோ, மறைப்புக்கு முன்னும் பின்னும் இத்தகைய மங்கல்கள் பலவற்றைக் கண்டனர். யுரேனசைச் சுற்றி வளையங்கள் உண்டு என்னும் உண்மை இவ்வாறு வெளிப்பட்டது.

இத்தகைய ஒளி மாற்றத்தைத் தாளில் கோடாக வரைந்து காண்பது வழக்கம். அதனைக் காதாலும் அறிய இயலுமோ? இயலும். ஒளி மிகுந்தால் ஒலி உயர்க, குறைந்தால் தாழ்க, முற்றும் மறைந்தால் அடங்குக என்று ஒரு விதி வகுத்துக்கொள்வோம். அப்போது அவ்விரவின் நிகழ்ச்சி ஓர் இசைபோல ஒலிக்கும். ஒரே சீராக ஒலிக்கும் நாதம் இடையிடையே தாழும். பின்னர் நெடிய அமைதி நிலவும். அதன்பின் முன்னைய தாழ்வுகள் தலைகீழ் முறையில் திரும்பி வரும். இருபுறமும் ஒத்து வருவதனால், அவை கோளைச் சூழ்ந்த வளையங்களே எனச் செவி உணரும்.

இம்முறை மருத்துவமனைகளிலும் பயன்படுகிறது. அறுவை மருத்துவத்தின்போது நோயாளியின் குருதியில் ஆக்சிசன் குறைந்தால், அதனை அளக்கும் கருவியின் ஒலி தாழ்கிறது. மருத்துவர் கையிலுள்ள பணியிலிருந்து கண்ணை எடுக்காமலே இடரை உணர்கிறார்.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. வானவெளியில் காற்றின்மையால், விண்மீனின் ஒலி நம்மை வந்தடைவதில்லை. நாம் கேட்பது விண்மீனின் குரல் அன்று. அளவுகளுக்கு மக்கள் அளித்த ஒலிவடிவமே. எழுத்திற்கு ஒலிவடிவம், வரிவடிவம் என இரண்டு உண்டு எனத் தமிழிலக்கணம் கூறும். வரிவடிவம் மரபால் அமைவதுபோல இவ்வொலியும் விதியால் அமைகிறது. விதி மாறினால் ஒலியும் மாறும். ஆதலின் விதியை முன்னரே அறிவித்தல் ஆய்வாளர் கடமையாகும்.

இம்முறையின் பெரும்பயன் வேறொன்று. போர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த வாண்டா தியாசு மெர்செட் என்னும் வானியலறிஞர் கண்பார்வையை இழந்தவர். அவர் விண்ணிலிருந்து வரும் ஒளியின் அளவுகளை ஒலியாக மாற்றிக் கேட்டே ஆய்வு நிகழ்த்தினார். சென்னையில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் தாங்கிய 'சந்திரா' விண்வெளித் தொலைநோக்கியின் படங்களையும் 2020ஆம் ஆண்டு முதல் ஒலிகளாக அமைத்து வெளியிட்டு வருகின்றனர்.

கேள்விக்கென ஓர் அதிகாரமே வகுத்தவர் வள்ளுவர். செவியும் அறிவின் வாயில் என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார். வானத்தை அறியும் உரிமை கண்ணுடையார்க்கு மட்டும் உரியதன்று. பார்வையற்ற மாணவர்க்கும் அவ்வாயில் திறந்திருத்தல் வேண்டும்.