அம்புக்குறியும் கரகரத்த குரலும்

நான் லேபில் வேலை பார்ப்பவன் என்பதால், தெருமுனை டீக்கடை அண்ணன் தன் மாஸ்டர் ஹெல்த் செக்கப் ரிப்போர்ட்டோடு வந்தார். சி.இ.ஏ. என்ற வரியில் 4.8, பக்கத்தில் மேல்நோக்கி ஓர் அம்பு.

"கேன்சரா தம்பி? தொண்டையிலன்னு சொல்றாங்களே!"

குரல் தகரத்தைச் சுரண்டியது போலிருந்தது. எத்தனை நாளாக என்றேன். "இது பொங்கலுக்கு முந்தியே. வெறும் சளி."

அம்புக்குப் பயந்தவர் குரலுக்குப் பயப்படவில்லை.

அந்த எண் என்ன சொல்கிறது?

பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு சி.இ.ஏ. 5 வரை இருப்பது சகஜம். அண்ணன் பீடிக்காரர். குடல் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்தவர்களைக் கண்காணிக்கத்தான் இந்த ட்யூமர் மார்க்கர் அதிகம் உதவுகிறது.

தொண்டைக்கு நெருக்கமானது எஸ்.சி.சி. ஆன்டிஜென். அதுவும் சொரியாசிஸ், கரப்பான், சிறுநீரகக் கோளாறு இருந்தாலே ஏறும். ஏன், மாதிரியைக் கையாளுபவரின் எச்சிலோ வியர்வையோ துளி பட்டாலும் ஏறிவிடும்! ஆரம்ப நிலைக் கட்டியோ பெரும்பாலும் ரத்தத்தில் தடயமே காட்டாது. ரிப்போர்ட் நார்மல் என்று நிம்மதியாக இருந்துவிடுவதுதான் இதில் பெரிய ஆபத்து.

ஹாங்காங்கில் நடந்தது

ரத்தம் துப்புக் கொடுக்கும் இடமும் உண்டு. மூக்குக்குப் பின்னால் இருக்கும் மேல்தொண்டையில் வரும் புற்றுநோய்க்கும் இ.பி.வி. வைரஸுக்கும் தொடர்புண்டு. அந்த நோய் அதிகமுள்ள ஹாங்காங்கில், அறிகுறி எதுவும் இல்லாத 20,174 ஆண்களின் ரத்தத்தில் வைரஸின் டி.என்.ஏ.வைத் தேடினார்கள், 34 பேருக்கு நோய் கண்டுபிடிக்கப்பட்டது. 2017-இல் வெளியான ஆய்வு இது. அங்கேயும் ரத்தத்தை மட்டும் நம்பவில்லை. ஸ்கோப், ஸ்கேன், பயாப்ஸி எல்லாம் பார்த்தே உறுதி செய்தார்கள்.

எதைக் கவனிக்க வேண்டும்?

குரல்நாணில் எள்ளளவு தடிப்பு வந்தாலும் அதன் அதிர்வு கெடும், குரல் மாறும். அதனால் அங்கே வரும் புற்றுநோயைச் சீக்கிரமே பிடித்துவிடலாம். கதிர்வீச்சோ லேசரோ பெரும்பாலும் குணமாக்கிவிடும். மூன்று வாரத்துக்கு மேல் குரல் கரகரத்தால் ஈ.என்.டி. டாக்டரைப் பாருங்கள். தொண்டையின் மற்ற இடங்களில் கட்டி சத்தமில்லாமல் வளரும். விழுங்கச் சிரமம், கழுத்தில் வலியில்லாத கட்டி, ஒரு பக்கம் மட்டும் விடாத காதுவலி என்று பிறகுதான் தெரியும். தொண்டைக்கும் காதுக்கும் ஒரே நரம்பு கிளை விடுவதால் தொண்டையின் வலி காதில் தெரிகிறது. அதனால் காதில் டார்ச் அடித்துப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. புகையிலையோடு குடியும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு.

அண்ணனுக்கு மூக்கு வழியாகக் கேமரா விட்டுப் பார்த்தார்கள். இடது குரல்நாணில் மிளகளவு தடிப்பு. சதை எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் வரும்.