கட்டிய பணம் வீண்தானா?

“ஆண்டு தவறாமல் வண்டிக்குக் காப்பீட்டுப் பணம் கட்டினேன், ஒரு காசும் திரும்பி வரவில்லை” என்று குறைபட்டுக்கொள்வோர் நம் குடும்பங்களில் பலர். விபத்து நேராமைக்காக ஆண்டவருக்கு நன்றி கூறவேண்டியவர்கள், அதையே நட்டக் கணக்கில் எழுதிக்கொள்வது விந்தையே! இம்மனக்குறை நியாயந்தானா? விடை காண விரும்புவோர், மேலை நாடுகளில் வேரூன்றி நிற்கும் பரஸ்பரக் காப்பீட்டு முறையைச் சற்று அறிந்துகொள்வது நலம்.

உறுப்பினரே உரிமையாளர்

பிற காப்பீட்டு நிறுவனங்களுக்குப் பங்குதாரர் உண்டு. இலாபம் அவர்களைச் சேரும். பரஸ்பர நிறுவனத்திலோ பாலிசி எடுத்தவர்களே உறுப்பினர், உரிமையாளரும் அவர்களே. அனைவரும் செலுத்தும் பிரீமியம் பொதுநிதியாகத் திரள்கிறது. இடருற்றவர்க்கு அதிலிருந்து ஈடு செய்யப்படுகிறது. எஞ்சுவது பேரிடர்க் காலத்திற்கெனச் சேமிக்கப்படும். பிரீமியத்தைக் குறைக்க உதவும். சில வேளைகளில் உறுப்பினர்க்கே திருப்பித் தரப்படும்.

அமெரிக்காவில் இம்முறை பழமையானது. ஃபிலடெல்பியா நகரில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் முதலியோர் 1752-இல் தொடங்கிய தீ விபத்துக் காப்பீட்டுக் கழகம் இன்றளவும் நிலைத்துள்ளது. கார்களுக்கெனப் பிராவிடன்ஸ் நகரில் ‘அமிக்கா’ 1907-இல் தோன்றியது. இல்லினாய் மாநில விவசாயி ஜார்ஜ் மெக்கர்லி, “குறைவாக வண்டி ஓட்டி, குறைவாகவே விபத்துக்குள்ளாகும் குடியானவன், நகரத்தானுக்கு ஈடாக ஏன் பணம் கட்டவேண்டும்?” என்ற எண்ணத்துடன் 1922-இல் ‘ஸ்டேட் ஃபார்ம்’ நிறுவனத்தை நிறுவினார். 2020-இல் கொள்ளைநோயால் சாலைகள் வெறிச்சோடி விபத்துகள் குறைந்தபோது, அந்நிறுவனம் கார் உறுப்பினர்க்கு ஏறத்தாழ 200 கோடி டாலரைத் திருப்பியளித்தது.

நம் திருச்சபைக்கும் இவ்வெண்ணம் புதிதன்று. நியூ ஹேவன் நகரில் உதவிப் பங்குக் குருவாயிருந்த மைக்கேல் மெக்கிவ்னி, குடும்பத் தலைவனை இழந்து தவித்த இல்லங்களைக் கண்டு உள்ளமுருகி, 1882-இல் ‘கொலம்பஸ் வீரர்கள்’ என்னும் பரஸ்பர உதவிச் சபையை நிறுவினார். 2020-இல் அவர் முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தப்பட்டார்.

ஒரு நெடுநாள் உறுப்பினர்

நம் பங்கைச் சேர்ந்த ஒருவர் சிகாகோ நகரருகே குடியேறி, 32 ஆண்டுகளாக ஒரே பரஸ்பர நிறுவனத்தில் தம் காரைக் காப்பீடு செய்துள்ளார். விடுமுறைக்கு வந்திருந்தபோது தம் அனுபவத்தை நம்மிடம் விவரித்தார்.

முதல் 20 ஆண்டுகளில் ஒருமுறைகூட அவர் இழப்பீடு கோரவில்லை. அதற்கடுத்த குளிர்காலத்தில், பனி உறைந்த சாலையில் அவருடைய கார் வழுக்கி முன்சென்ற வண்டியில் மோதியது. அதிலிருந்த மூதாட்டிக்குக் கை எலும்பு முறிந்தது. மூதாட்டியின் மருத்துவச் செலவையும் இரு வண்டிகளின் பழுதுச் செலவையும் நிறுவனமே ஏற்றது. கணக்கிட்டுப் பார்த்தால், அதுவரை தாம் கட்டிய மொத்தத் தொகையினும் அச்செலவு மிகுதி என்றார்.

அப்போதுதான் சோதனை வந்தது. பட்டறைக்காரர் கதவிலிருந்த பழைய நசுங்கலைக் காட்டி, “இதையும் இந்தக் கணக்கிலேயே சேர்த்துவிடலாம், கம்பெனிப் பணந்தானே?” என்றார். “கம்பெனி என்பது யார்? என்னைப்போல் மாதந்தோறும் வயிற்றைக் கட்டிப் பணம் செலுத்துகிறவர்கள்தானே, சாமி! கைப்பணம் கொடுத்தே அதைச் சரிசெய்துகொண்டேன்” என்றார் அவர்.

மனத்தாங்கலும் அவருக்கு உண்டு. அண்மை ஆண்டுகளில், தம்மீது குற்றமேதுமின்றியே பிரீமியம் கடுமையாக உயர்ந்துவிட்டது. கேட்டபோது, புயல் சேதமும் உதிரிப்பாக விலையும் காரணமெனக் கூறப்பட்டதாம். “இத்தனை ஆண்டு விசுவாசத்திற்கு இதுவா கைம்மாறு?” என்று வருந்தினார். “உரிமையாளர் என்ற முறையில் ஆண்டுக் கூட்டத்தில் வாக்களித்திருக்கிறீர்களா?” என்று கேட்டோம். “அந்தக் கடிதத்தை நான் பிரித்ததே இல்லை, சாமி” என்று நகைத்தார். உரிமை இருந்தும் உறங்கினால், உரிமையாளன் பெயருக்கு மட்டுமே உரிமையாளன்!

மொய்யுமன்று, சீட்டுமன்று

இதில் நமக்குரிய படிப்பினை யாது? திருமண வீட்டில் மொய் எழுதினால், அது நம் வீட்டு விசேடத்தில் திரும்பி வருமென எதிர்பார்க்கிறோம். சீட்டுக் கட்டினால் ஒருநாள் நம் முறை வரும். காப்பீடு இவ்விரண்டுமன்று. நம் முறை வராதிருப்பதே அதில் நமக்குக் கிடைக்கும் நற்பேறு. நாம் கட்டிய பணம் மறையவில்லை. முகமறியாத ஒருவரின் முறிந்த எலும்பைக் கூட்டியது. ஒரு கைம்பெண்ணின் அடுப்பை எரியச் செய்தது. ஒருவர் சுமையை ஒருவர் தாங்கவேண்டுமெனப் புனித சின்னப்பர் கலாத்தியர்க்கு எழுதிய அறிவுரையின் உலகியல் நிழலே இது. இது தருமமுமன்று, நீதியின்பாற்பட்ட கடமை.

நம் நாட்டில் வண்டிக் காப்பீடு பெரும்பாலும் அரசு நிறுவனங்களிடமும் தனியார் நிறுவனங்களிடமுமே உள்ளது. எனினும், இழப்பீட்டுப் பணம் அங்கும் பலர் கட்டிய பிரீமியத்திலிருந்தே வருகிறது. பொய்யான பில், நடவாத விபத்து, ஓட்டியவர் பெயரை மாற்றி எழுதுதல் முதலியன ‘சாமர்த்தியம்’ அல்ல. ஏழாம் கட்டளைக்கு எதிரான களவே. அக்களவின் சுமையை அடுத்த ஆண்டின் பிரீமியத்தில் நேர்மையானவர் சுமக்கிறார்.

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பிறருக்கு நேரும் தீங்கிற்கான காப்பீட்டைக் கட்டாயமாக்கியுள்ளது. ஆயினும் காலாவதியான பாலிசியுடன் சாலையிலிறங்கும் நம் இளைஞர் எத்தனை பேர்! அவ்வண்டியால் ஒரு கூலித் தொழிலாளி காலிழந்தால், அவர் குடும்பத்திற்கு யார் விடை சொல்வது?

ஆகவே, அன்புக் குடும்பத்தாரே, இன்று மாலைச் செபம் முடிந்ததும் உங்கள் பாலிசியை எடுத்து, அதன் முடிவு நாளைப் பாருங்கள். எந்த நிறுவனம் மலிவு என ஒப்பிடுவது தவறன்று; அது இல்லறத்தார்க்குரிய விவேகம். ஆனால் பணத்தைக் காலத்தில் கட்டுங்கள். கோரிக்கையில் உண்மையை எழுதுங்கள். பயன்படாமலே ஆண்டு முடிந்தால், விபத்தின்றிக் காத்த இறைவனைப் போற்றுங்கள்.