எதிர்காற்றும் ஏற்றமும்: கைகளால் ஓட்டும் மூன்று சக்கரம்

கோவையிலிருந்து வாளையார் வழியாகப் பாலக்காட்டுக்குள் நுழையும் சாலையில் ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை. மேற்குத் தொடர்ச்சி மலை அந்த இடத்தில் முப்பது கிலோமீட்டர் அகலத்துக்கு வழிவிட்டு நிற்கிறது. மலை விட்ட வழியில் காற்று குடியிருக்கிறது. ஆடியில் மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கும். கார்த்திகை பிறந்தால் திசை மாறிக் கிழக்கிலிருந்து மேற்கே வீசும். மலையாளிகள் அதை விருச்சிகக் காற்று என்பார்கள். கஞ்சிக்கோட்டில் கேரள மின்வாரியம் காற்றாலைகளை நிறுத்தியது இந்தக் காற்றை நம்பித்தான்.

தெற்கே இடுக்கி எல்லைக்குப் போனால் நிலைமை தலைகீழ். போடிநாயக்கனூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. போடிமெட்டு 1,400 மீட்டரை ஒட்டியது. பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்துதான் பூப்பாறைக்கும் தேவிகுளத்துக்கும் போக முடியும். குமுளி, கம்பம்மெட்டு, மறையூர் என்று எந்த வழியாக நுழைந்தாலும் மேடுதான்.

இந்த இரண்டு எல்லைகளிலும் தமிழ் பேசும் மக்கள் தலைமுறைகளாக வாழ்கிறார்கள். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கம் விவசாயம். மூணாறு, பீர்மேடு பக்கம் தேயிலையும் ஏலமும். இளம்பிள்ளை வாதத்தால் கால் சூம்பியவர்கள், தென்னையிலிருந்தோ மிளகுக்கொடி படர்ந்த மரத்திலிருந்தோ விழுந்து முதுகுத்தண்டு முறிந்தவர்கள், சாலை விபத்தில் காலை இழந்தவர்கள் இங்கேயும் உண்டு. இந்தியாவில் போலியோவின் கடைசி நோயாளி 2011 ஜனவரியில் கண்டறியப்பட்டார். நோய் ஒழிந்தது. அதற்கு முன் பாதிக்கப்பட்டவர்கள் நடுவயதைத் தொட்டும் தாண்டியும் நம்மோடு இருக்கிறார்கள். வீட்டைவிட்டு வெளியே போக அவர்களில் பலருக்குக் கிடைத்த ஒரே ஊர்தி, கையால் சுற்றும் மூன்று சக்கர சைக்கிள்.

அந்த வண்டியை எல்லோரும் பார்த்திருப்போம். நிமிர்ந்த இருக்கை, நெஞ்சுக்கு முன்னால் ஒரு கைப்பிடி, அதிலிருந்து சக்கரத்துக்கு ஓடும் செயின். ஒரு கை சுற்ற வேண்டும், மறு கை திருப்ப வேண்டும். கான்பூரில் 1972இல் தொடங்கப்பட்ட மத்திய அரசின் அலிம்கோ நிறுவனம் இத்தகைய வண்டிகளைச் செய்கிறது. 1981இல் வந்த அடிப் திட்டத்தின் கீழ் இவை முகாம்களில் வழங்கப்படுகின்றன. எத்தனையோ பேரைப் பள்ளிக்கும் பெட்டிக்கடைக்கும் லாட்டரி விற்பனைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்த வண்டி அது. அதைக் குறைத்துப் பேச முடியாது. ஆனால் அதில் கியர் கிடையாது. வாளையாருக்கும் போடிமெட்டுக்கும் அதே ஒற்றைப் பற்சக்கர விகிதம்தான்.

இதன் விளைவைக் கணக்குப் போட்டால் திடுக்கிடும். ஆளும் வண்டியும் சேர்ந்து 110 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கைப்பிடியை ஒருமுறை சுற்றினால் சக்கரமும் ஒருமுறை சுற்றி, வண்டி 2.2 மீட்டர் நகரும். நல்ல தார்ச்சாலையில், சமதரையில், கை கொடுக்க வேண்டிய விசை இரண்டு கிலோவைத் தூக்குவதைவிடச் சற்று அதிகம். நூறு மீட்டருக்கு ஆறு மீட்டர் உயரும் சாலையில் அதே சுற்றுக்குக் கிட்டத்தட்ட 16 கிலோ விசை வேண்டும். அதுவும் ஒற்றைக் கையால், ஒவ்வொரு சுற்றிலும், இடைவெளி இல்லாமல். அங்கே வண்டி நின்றுவிடும். பின்னாலிருந்து தள்ள ஒரு ஆள் வேண்டும். தனியாக வெளியே போகத் தந்த வண்டி, துணைக்கு ஆள் இல்லாமல் நகராத வண்டியாகிவிடும்.

கியர் வைத்து, ஒரு சுற்றுக்கு 1.1 மீட்டர் மட்டும் நகரும்படி செய்தால் விசை எட்டு கிலோவாகும். இரண்டு கைகளாலும் சுற்றினால் கைக்கு நான்கு கிலோ. சாதாரண கியர் சைக்கிளில் இருக்கும் செயினும் பற்சக்கரங்களும் போதும். சைக்கிள் கடைக்காரருக்குத் தெரியாத பொருள் அதில் எதுவுமில்லை. இவ்வளவு எளிய ஒன்று நம் இலவச வண்டிகளில் இத்தனை ஆண்டுகள் வராமல் இருப்பது நியாயமே இல்லை.

வெளிநாடுகளில் இந்த ஊர்தி வேறு வழியில் வளர்ந்தது. ஜெர்மனியின் நியூரம்பெர்க் அருகே ஸ்டெஃபான் ஃபார்ஃப்லர் என்ற கடிகாரக் கலைஞர், நடக்க முடியாதவர், 1655இல் தமக்காகக் கைச்சுழற்சியில் ஓடும் மூன்று சக்கர நாற்காலி ஒன்றைச் செய்துகொண்டார். பற்சக்கரங்களோடு பழகிய கைகள் அவை. இன்று ‘ஹேண்ட்சைக்கிள்’ எனப்படும் வண்டியில் ஓட்டுபவர் ஏறக்குறைய படுத்த நிலையில் சாய்ந்திருப்பார். கால்கள் முன்னால் நீட்டித் தாங்கிகளில் கட்டப்பட்டிருக்கும். முகத்துக்கு நேரே இரண்டு கைப்பிடிகள். 2004 ஏதென்ஸ் பாராலிம்பிக்கில் இது போட்டியாகச் சேர்க்கப்பட்டது. கார் பந்தய விபத்தில் 2001இல் இரு கால்களையும் இழந்த இத்தாலியர் அலெக்ஸ் ஸனார்டி, 2012 லண்டனிலும் 2016 ரியோவிலும் ஹேண்ட்சைக்கிள் போட்டிகளில் தங்கம் வென்றார்.

ஹேண்ட்சைக்கிளில் இரண்டு கைப்பிடிகளும் கால் பெடலைப் போல எதிரெதிராக இல்லாமல் ஒன்றாகவே சுற்றும். காரணம் உண்டு. பெரும்பாலான ஹேண்ட்சைக்கிள்களில் கைப்பிடி, திரும்பும் முன்சக்கரத்தோடு இணைந்தது. ஒரு கை தள்ளும்போது மறு கை இழுத்தால் வண்டி ஒவ்வொரு சுற்றிலும் இடமும் வலமுமாக அலையும். இரண்டும் சேர்ந்து தள்ளினால் நேராகப் போகும். நெதர்லாந்து ஆய்வாளர்கள் செலவாகும் ஆக்சிஜனை அளந்து பார்த்தபோதும் சேர்ந்து சுற்றுவதே சிக்கனம் என்று தெரிந்தது. சக்கர நாற்காலியின் வளையத்தைத் தள்ளும்போது உடல் எரிக்கும் ஆற்றலில் பத்தில் ஒரு பங்குகூட இயக்கமாவது அரிது. கைச்சுழற்சி அதைவிட மேல். நாற்காலி வளையத்தை ஆண்டுக்கணக்கில் தள்ளியவர்களின் தோள்பட்டைத் தசைநார்கள் தேய்ந்து வலி வருவதைப் புனர்வாழ்வு மருத்துவர்கள் நன்கு அறிவார்கள். காலுக்குப் பதில் கையை நம்பி வாழ்பவருக்குத் தோள் போனால் எல்லாம் போனது மாதிரி.

இனி சாய்ந்த இருக்கைக்கு வருவோம். அது சொகுசுக்காக வந்ததல்ல. முதுகுத்தண்டு மார்புப் பகுதியில் முறிந்தவருக்கு வயிற்றுத் தசையும் முதுகுத் தசையும் வேலை செய்யாது. நிமிர்ந்து உட்கார்ந்து தள்ளினால் உடல் முன்னே சரியும். சாய்வு இருக்கையின் முதுகுப்பலகை அந்தத் தசைகளின் வேலையைச் செய்கிறது. கைகள் தள்ளும் விசைக்கு அது எதிர்நிலையாக நிற்கிறது.

இன்னொரு பயன், பாலக்காட்டுக் கணவாய்க்கென்றே சொன்னது போன்றது: காற்று. பயிற்சி பெறாத ஒருவரின் கைகள் நீண்ட நேரம் தொடர்ந்து தரக்கூடிய ஆற்றல் சுமார் 40 வாட். காற்றில்லாத நாளில் மணிக்குப் பத்து கிலோமீட்டர் வேகத்துக்கு அது போதும். மணிக்கு 25 கிலோமீட்டர் எதிர்காற்றில் அதே வேகத்தைப் பிடிக்க, நிமிர்ந்து உட்கார்ந்தவருக்கு 110 வாட் தேவைப்படும். முடியாது. வேகம் நாலரை கிலோமீட்டராகக் குறையும். சாய்ந்திருப்பவர் காற்றுக்குக் காட்டும் பரப்பு பாதிதான். அதே கைகளால் அவர் ஆறரை கிலோமீட்டரில் போகலாம். விருச்சிகக் காற்றில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கிழக்கு நோக்கி ஓட்டுபவருக்கு அந்த இரண்டு கிலோமீட்டர் வித்தியாசம் பெரிது.

வெயிலையும் சொல்ல வேண்டும். மார்ச், ஏப்ரலில் பாலக்காடு 40 டிகிரியைத் தாண்டுவது உண்டு. தண்டுவடம் மேல்பகுதியில் முறிந்தவர்களுக்குக் காயத்துக்குக் கீழே வியர்க்காது. உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் வழி அடைபட்டிருக்கும். அவர்கள் நடுப்பகலில் ஓட்டுவது ஆபத்து. காலையில் ஓட்டுவதும், தண்ணீர் தெளிப்பானை வண்டியிலேயே வைத்துக்கொள்வதும், தலைக்கு மேல் சிறு கூரை போடுவதும் அவசியம். உணர்வில்லாத தோலில் இருக்கையின் அழுத்தத்தால் புண் வந்தால் தெரியாது. ஆறவும் மாதங்கள் ஆகும். நல்ல மெத்தை இல்லாத வண்டியைக் கொடுக்காமலே இருக்கலாம்.

மேட்டில் சாய்வு இருக்கை எந்த உதவியும் செய்யாது. அங்கே எதிரி புவியீர்ப்பு. 110 கிலோவைப் போடியிலிருந்து மெட்டுக்கு ஆயிரம் மீட்டர் ஏற்ற, நாற்பது வாட் கைகளுக்கு ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கியர் விசையைக் குறைக்கும். செய்ய வேண்டிய வேலையைக் குறைக்காது. இன்னொரு சிக்கலும் உண்டு. முன்சக்கரத்தை இயக்கும் வண்டி மேட்டில் ஏறும்போது எடை பின்சக்கரங்களுக்குப் போய்விடும். எஸ்டேட் பாதையின் ஈரச் சரளையில் முன்சக்கரம் பிடிக்காமல் வெறுமனே சுழலும். தாழ்ந்த இருக்கை கல்லில் உரசும். தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீட்டிலிருந்து தார்ச்சாலை வரை வருவதே பெரும்பாடாகிவிடும். விளையாட்டு வண்டியை அப்படியே இறக்குமதி செய்து மூணாறில் விட்டால் பயன்படாது என்பது இதனால்தான்.

கரடுமுரடான பாதைக்கு அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஏமோஸ் வின்ட்டர் குழு கண்ட வழி நெம்புகோல். அவர்கள் செய்த மூன்று சக்கர நாற்காலியில் இரண்டு நீண்ட கோல்கள் இருக்கும். அவற்றை முன்னே தள்ளினால் வண்டி நகரும். கோலின் உச்சியைப் பிடித்தால் விசை பெருகும், மேடு ஏறலாம். கீழே பிடித்தால் வேகம் பெருகும். கியர் மாற்றுவது கையின் இடத்தை மாற்றுவதுதான். உள்ளே இருப்பது சைக்கிள் செயினும் பிரீவீலும். ஜெய்ப்பூர் செயற்கைக் கால் அமைப்போடு சேர்ந்து இந்தியாவில் சோதித்துத் திருத்திய வடிவம் அது. பழுதானால் எந்த ஊர் சைக்கிள் கடையிலும் சரிசெய்யலாம் என்பதை வடிவமைப்பின் நிபந்தனையாகவே வைத்திருந்தார்கள். வண்டியைவிட அந்த நிபந்தனை எனக்கு மிகவும் பிடித்தது.

நமக்கு அருகிலேயே இன்னொரு வழி பிறந்திருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் சுஜாதா சீனிவாசன் தலைமையிலான டி.டி.கே. புனர்வாழ்வுக் கருவி ஆய்வு மையமும், அதிலிருந்து கிளைத்த நியோமோஷன் நிறுவனமும் 2021இல் நியோஃப்ளை என்ற சக்கர நாற்காலியையும் நியோபோல்ட் என்ற மின்மோட்டார் இணைப்பையும் வெளியிட்டன. நாற்காலி ஓட்டுபவரின் உடல் அளவுக்கேற்பச் செய்யப்படுகிறது. மோட்டார் சக்கரத்தை முன்னால் மாட்டினால் அதுவே மூன்று சக்கர ஊர்தி. அதிகபட்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர். வீட்டுக்கு வந்ததும் கழற்றிவைத்து நாற்காலியாகவே உள்ளே போகலாம். இங்கே கைச்சுழற்சி இல்லை, எல்லாம் மோட்டார். என் விருப்பம் இரண்டும் சேர்ந்தது: கையும் சுற்ற வேண்டும், மேட்டில் மோட்டாரும் தோள் கொடுக்க வேண்டும். கால் அசையாத உடலில் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் கிடைக்கும் பயிற்சி கைகள் வழியாகத்தான். அதை முழுவதும் மோட்டாரிடம் விட்டுவிடுவது இழப்பு.

அப்படி ஒரு வண்டிக்கு எவ்வளவு மின்சாரம் வேண்டும்? போடி அடிவாரத்திலிருந்து மெட்டு வரை ஏறத்தாழ 20 கிலோமீட்டர். ஆள், வண்டி, மோட்டார், பேட்டரி எல்லாம் சேர்ந்து 125 கிலோ எடை என்றாலும், ஏறி முடிக்க அரை யூனிட் மின்சாரத்தை ஒட்டித்தான் செலவாகும். 250 வாட்டுக்குச் சற்றே குறைந்த மோட்டாரும் ஓட்டுபவரின் 40 வாட்டும் சேர்ந்தால் மணிக்கு 12 கிலோமீட்டர் வேகம் வரும். ஏழு மணி நேரப் பாடு இரண்டு மணி நேரத்துக்குள் அடங்கும்.

ஏறியவர் இறங்கவும் வேண்டும். ஆயிரம் மீட்டர் இறக்கத்தில் பிரேக்குகள் விழுங்க வேண்டிய வெப்பம், மூன்று லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. ரிம்மைக் கவ்வும் ரப்பர் கட்டைகளை நம்பி இதில் இறங்கக் கூடாது. டிஸ்க் பிரேக் வேண்டும், அதுவும் ஒன்றுக்கு இரண்டாக. பிரேக் பிடி கைச்சுழற்சிப் பிடியிலேயே இருக்க வேண்டும். பிடியை விட்டுத் தேடும் நேரத்தில் வளைவு வந்துவிடும். வளைவில் தாழ்ந்த இருக்கையின் அருமை தெரியும். எடையின் மையம் தரையிலிருந்து 70 சென்டிமீட்டரில் இருந்தால், ஆறு மீட்டர் ஆரமுள்ள கொண்டை ஊசியில் மணிக்குப் பதினெட்டு கிலோமீட்டரிலேயே உள்சக்கரம் தூக்கும். மையம் 40 சென்டிமீட்டரில் இருந்தால் 24 வரை தாங்கும். ஆனால் தாழ்ந்த வண்டி லாரி ஓட்டுநரின் கண்ணில் படாது. உயரமான கம்பில் கொடியும் பகலிலும் எரியும் விளக்கும் கட்டாயம்.

இந்தியாவில் மோட்டார் வாகன விதிகள் இதற்குத் தடையாக இல்லை. 250 வாட்டுக்குக் குறைந்த மோட்டார், 25 கிலோமீட்டருக்குக் குறைந்த வேகம், பேட்டரி நீங்கலாக 60 கிலோவுக்கு மேற்படாத எடை என்ற வரம்புக்குள் இருக்கும் மின்சைக்கிளோ மூன்று சக்கர சைக்கிளோ மோட்டார் வாகனமாகக் கருதப்படுவதில்லை. பதிவும் உரிமமும் வேண்டாம். தடை இருப்பது வேறிடத்தில். மோட்டார் வண்டி, அடிப் திட்டத்தில் கடும் பாதிப்புள்ளவர்களுக்கு மட்டும். தமிழ்நாடு தரும் இணைப்புச் சக்கர ஸ்கூட்டர், தமிழ்நாட்டில் குடியிருப்பவர்களுக்கு. மருத்துவமனைக்குப் பொள்ளாச்சிக்கும் கோவைக்கும் வரும் மீனாட்சிபுரத்துக்காரர் உதவிக்கு விண்ணப்பிக்க வேண்டியது கேரளத்தில். அங்கேயும் இங்கேயும் விண்ணப்பத்தில் குறைபாட்டின் சதவீதத்தைக் கேட்கிறார்கள். வீட்டு வாசலிலிருந்து சாலை வரை எத்தனை மீட்டர் மேடு, எந்தத் திசையில் காற்று, கைகளில் எத்தனை கிலோ பலம் என்ற கேள்விகளும் அதே தாளில் இடம்பெற வேண்டும். கொடுக்கும் வண்டியில் எத்தனை பற்கள் கொண்ட சக்கரம் வேண்டும் என்பதை அவற்றிலிருந்துதான் கணக்கிட முடியும்.