வெளிச்சுவர் பெயின்ட்: தீபாவளிக்கு வேண்டாம், மாசிக்குத் தள்ளுங்கள்

புரட்டாசி பாதி போனதும் தெருவுக்கு இரண்டு வீட்டில் சாரம் கட்டிவிடுவார்கள். தீபாவளிக்கு வீடு பளிச்சென்று இருக்க வேண்டும் என்ற ஆசை நியாயமானதுதான். ஆனால் வெளிச்சுவருக்கு இதைவிட மோசமான வேளை ஆண்டில் வேறு கிடையாது. தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை தொடங்க வானிலைத் துறை கணக்கில் வைத்திருக்கும் சராசரித் தேதி அக்டோபர் 20. 2025இல் தீபாவளியே அன்றுதான் வந்தது. மாநிலத்தில் ஓர் ஆண்டுக்குப் பெய்யும் மழையில் ஏறத்தாழப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டிவிடுகிறது. சென்னையிலோ பாதிக்கும் மேல்.

"மழை வந்தால் என்ன சார், ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும்" என்பார் பெயின்டர். அவர் சொல்வது தொட்டால் கையில் ஒட்டாத நிலை. எமல்ஷன் என்பது தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய அக்ரிலிக் பிசின் துகள்கள். தண்ணீர் ஆவியாகப் போகப் போக அவை நெருங்கி, ஒன்றோடொன்று ஒட்டி, சுவர்மேல் ஏடாகப் படிகின்றன. அந்த ஏடு முழு வலுப்பெறப் பல நாட்கள் பிடிக்கும். அடித்த நாலைந்து மணி நேரத்துக்குள் நல்ல மழை பிடித்தால் வண்ணம் கரைந்து சன்ஷேட் விளிம்பில் வழிவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மழையே பெய்யாமல் இரவெல்லாம் ஈரக்காற்று மட்டும் அடித்தாலும் தொல்லை உண்டு. பெயின்டுக்குள் இருக்கும் சோப்புப் போன்ற சேர்மானங்கள் மேலே கசிந்து, காலையில் வெள்ளையாகவோ பழுப்பாகவோ கோடுகோடாக நிற்கும். அடர்நிறச் சுவரில் இது பளிச்சென்று தெரியும். இதைப் பார்த்துப் பதறி இன்னொரு கோட் அடிக்கத் தேவையில்லை; பெயின்ட் இறுகியபின் தண்ணீர் விட்டுக் கழுவினால் பெரும்பாலும் போய்விடும்.

இதெல்லாம் மேலே விழும் நீரால் வருவது. சுவருக்குள் இருக்கும் நீர் இதைவிடப் பொல்லாதது. மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரின் தலையில் ஒரு மயிரிழை விரிசல் போதும்; ஐப்பசி முழுக்க அதன் வழியே பூச்சு தண்ணீர் குடிக்கும். அதன்மேல் பெயின்டைப் போட்டு அடைத்துவிட்டால், வெயில் வந்ததும் உள்ளிருக்கும் ஈரம் வெளியே வர முண்டும். முதலில் கொப்புளம், பிறகு உப்புப் பூப்பது, கடைசியில் பட்டியோடு சேர்ந்து தகடு தகடாக உரிவது. ஆறே மாதத்தில் உரிந்த சுவர்களில் குற்றம் பெரும்பாலும் டப்பாவுடையது அல்ல, அடித்த நாளுடையது.

அதனால் என் யோசனை, வேலையை இரண்டாக வெட்டுங்கள். ஆவணி, புரட்டாசியில் கொத்தனாரை மட்டும் கூப்பிடுங்கள். விரிசல் அடைப்பது, மொட்டை மாடி ஒழுக்குக்கு மருந்து போடுவது, மழைநீர்க் குழாய் வாயில் கிடக்கும் சருகை எடுப்பது, சன்ஷேடின் மேல்பக்கத்தில் நீர் தேங்காமல் வாட்டம் பார்ப்பது, இவ்வளவுதான். பட்டி பார்த்து மேலே எதுவும் அடிக்காமல் மழைக்கு விட்டுவிடாதீர்கள். அந்தக் காசு சாக்கடையோடு போகும். பிறகு மழை பெய்யட்டும். எந்த மூலையில் ஓதம் தெரிகிறது, எங்கே பாசி பிடிக்கிறது என்று போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மழையைவிட நேர்மையான மேஸ்திரி கிடைக்கமாட்டார்.

பொங்கலுக்கு முன்னால் அடிக்கலாமா? பல வீடுகளில் அதுவும் அவசரம்தான். மாதக்கணக்கில் ஊறிய சுவர் இரண்டு நாள் வெயிலில் காய்ந்துவிடாது. காய்ந்ததா என்று பார்க்க ஒரு சின்ன வழி இருக்கிறது. ஓரடிச் சதுரத்துக்குக் கனமான பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து, நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். உரிக்கும்போது தாளின் உட்புறம் நீர்த்துளி கோத்திருந்தாலோ, சுவரின் அந்தச் சதுரம் கறுத்திருந்தாலோ இன்னும் காத்திருக்க வேண்டும். வடக்குப் பார்த்த சுவரிலும், தரையை ஒட்டிய இரண்டடியிலும் கட்டாயம் சோதியுங்கள்; அவைதான் கடைசியில் காயும். புதுப்பூச்சு என்றால் ஈரம் போனால் மட்டும் போதாது, சிமென்ட்டின் காரம் அடங்கக் குறைந்தது 28 நாள் விட வேண்டும்.

தை பிற்பகுதியிலிருந்து பங்குனித் தொடக்கம் வரை, அதாவது பிப்ரவரியும் மார்ச் முன்பாதியும், பெரும்பாலான மாவட்டங்களுக்கு ஏற்ற காலம். மழை அரிது, வெயிலும் கொளுத்தாது. கன்னியாகுமரிக்காரர்களுக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதால் ஆனி, ஆடியும் கழிந்துவிடும். அவர்களுக்கு இந்த இடைவெளி இன்னும் அருமை. பொங்கல் அவசரம் தீர்ந்திருப்பதால் பெயின்டர்களும் சொன்ன தேதிக்கு வருவார்கள்.

அந்த மாதங்களிலும் நேரம் பார்க்க வேண்டும். பனி இறங்கிய சுவரில் விடியற்காலையில் ரோலரை வைக்கக்கூடாது. உள்ளங்கையால் தடவிப் பார்த்துக் குளிர்ந்த ஈரம் இல்லையென்றால் தொடங்கலாம். மாலை நாலு மணிக்கு நிறுத்திவிட்டால் இரவுப் பனிக்கு முன் கொஞ்சம் இறுகும். வெயிலுக்கு எதிர்ப்பக்கமாக நகர்வதும் நல்லது: முற்பகலில் மேற்குச் சுவர், பிற்பகலில் கிழக்குச் சுவர். சுட்ட சுவரில் அடித்தால் பெயின்ட் பரவுவதற்குள் காய்ந்து, ரோலர் தடம் அப்படியே நிற்கும். சித்திரை, வைகாசியில் அடிக்காதீர்கள் என்று சொல்வதற்கும் இதுதான் காரணம்.

ஈரம் ஆகாது என்ற பேச்சு சிமென்ட் பெயின்டுக்குப் பொருந்தாது. அதற்குச் சுவரை நனைத்துத்தான் அடிக்க வேண்டும், மறுநாளும் தண்ணீர் தெளிக்க வேண்டும். அடித்த கையோடு கொட்டும் மழை மட்டும் அதற்கும் ஆகாது.

கார்த்திகையில் வீட்டில் கல்யாணம், தள்ளிப்போட வழியில்லை என்பவர்கள் மழை நனைக்காத இடங்களோடு நிறுத்திக்கொள்ளலாம்: போர்ட்டிகோவின் உட்புறம், வாசல் நிலை, முன்னறை. வெளிச்சுவரில் பாசியை மட்டும் பிளீச்சிங் பவுடர் கரைசலால் தேய்த்துக் கழுவி, வாசலில் சீரியல் லைட் கட்டிவிட்டால் போட்டோவில் வித்தியாசம் தெரியாது.