உங்களுக்குத் தெரியுமா? எந்தப் பழ ஈ இது?

● கனிந்த வாழைப்பழத்தைச் சுற்றும் குட்டி ஈயும், மாம்பழத்துக்குள் புழுவை வைக்கும் ஈயும் வெவ்வேறு குடும்பங்கள். முதலாவது டிரோசோஃபிலிடே, புளிக்கும் பழத்தைத் தேடி வரும். இரண்டாவது டெஃப்ரிடிடே, நல்ல காயின் தோலையே துளைத்து முட்டையிடும். இந்தக் குடும்பத்தில் மட்டும் 4,000-க்கு மேற்பட்ட இனங்கள் உண்டு.

● தென்னிந்தியா, இலங்கைத் தோட்டங்களில் சிக்கும் ஈயை அடையாளம் காண முதலில் முதுகைப் பாருங்கள். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு மஞ்சள் கோடுகள் மா, கொய்யா ஈக்களுக்கு. நடுவில் மூன்றாவது கோடும் இருந்தால், பாகல், பீர்க்கு, பூசணியைத் தாக்கும் ஈயாக இருக்க வாய்ப்பு அதிகம்.

● அடுத்தது இறக்கை. முன்விளிம்பு நெடுக மெல்லிய கரும்பட்டை ஓடினால் அது பாக்டிரோசெரா டார்சாலிஸ் ஆகலாம். பட்டை அறுந்து, நுனியில் தனிப்புள்ளி தெரிந்தால் அதே பாக்டிரோசெரா பேரினத்தின் ஸோனேட்டா அல்லது கரெக்டா. இவற்றில் முகத்தின் குறுக்கே கறுப்புக் கோடு இருப்பது கரெக்டா.

● பொறியில் வைக்கும் கவர்பொருளும் துப்பு தரும். துளசியில் உள்ள மீதைல் யூஜினால் இந்த மூன்று இனங்களின் ஆண் ஈக்களை இழுக்கும். பாகல் ஈயின் ஆண்களுக்கு ‘கியூ லூர்’ வேண்டும்.

● நிபுணர்களுக்கும் இது எளிதல்ல. 2003-இல் கென்யாவில் தென்பட்ட ஓர் ஈக்கு, இலங்கை மாதிரிகளையும் ஒப்பிட்டு 2005-இல் ‘இன்வேடன்ஸ்’ எனப் புதுப்பெயர் சூட்டினார்கள். உடலமைப்பு, டி.என்.ஏ., இணைசேரும் இயல்பு எல்லாம் ஒத்துப்போகவே, 2015-இல் அதை டார்சாலிஸுடனேயே சேர்த்துவிட்டார்கள்.