நகர்ப் புதுப்பிப்பில் மக்களின் பங்கு: தாராவி தரும் பாடம்

மலையிலிருந்து பாபநாசத்தில் இறங்கும் தாமிரபரணியின் நீர்விசையை நம்பி, ஹார்வி சகோதரர்கள் 1880களில் அங்கு ஒரு பஞ்சாலையை நிறுவினர். அருகே அமைந்த விக்கிரமசிங்கபுரம் அவ்வாலையோடு சேர்ந்து வளர்ந்து இன்று நகராட்சியாக விளங்குகிறது. ஆலையைச் சார்ந்து எழும் ஊர்களில் தெரு எங்கே செல்லவேண்டும், குடியிருப்பு எங்கே அமையவேண்டும், தண்ணீர்க் குழாய் எந்த முனையில் நிற்கவேண்டும் என்பனவற்றைத் தொழிலாளர் தீர்மானிப்பது அரிது. பிறர் வரைந்த ஊரில் வாழ அவர்கள் பழகிக்கொள்கின்றனர். நமது திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைப்புத் தேடிப் பம்பாய் சென்று தாராவியில் குடியேறியவர்களும் இந்நிலையையே சந்தித்தனர். ஆனால், பம்பாயின் குடிசைவாழ் மக்கள் அந்நிலைக்கு விடைகாணவும் முயன்றனர். அம்முயற்சி நமது கருத்திற்குரியது.

பழைய குடியிருப்பு ஒன்றைப் புதுப்பிக்கும் திட்டத்தில் மக்களின் பங்கு எப்பொழுது தொடங்குகிறது? வரைபடம் முடிந்தபின் அவர்களுடைய கருத்தைக் கேட்பது போதுமா? அல்லது, தங்களைத் தாங்களே எண்ணி, தங்கள் தேவையைத் தாங்களே அளந்து கூறும் நாளில்தான் அது தொடங்குகிறதா? இவ்வினாவைத் தாராவியின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வோம்.

1. விளிம்பு நடுவானது

தாராவி தொடக்கத்தில் கோலி மீனவர் வாழ்ந்த கழிமுகப் பகுதி. பம்பாய் வளர்ந்தபொழுது, நாற்றமும் புகையும் தரும் தொழில்கள் நகரின் விளிம்பாகிய இவ்விடத்துக்குத் தள்ளப்பட்டன. சௌராஷ்டிரத்துக் குயவர் வந்தனர். தமிழகத்திலிருந்து, சிறப்பாகத் திருநெல்வேலியிலிருந்து, தோல் பதனிடுவோர் வந்தனர். பின்னர் நகரம் வடக்கு நோக்கி விரிந்தது, விளிம்பு நடுவாயிற்று. இரு பெரும் இரயில் பாதைகளுக்கு இடையிலும், பாந்திரா–குர்லா வணிக வளாகத்துக்கு அருகிலும் அமைந்த இந்நிலத்தின் விலை இன்று மிகப் பெரிது. சேற்றை மேடாக்கி அதைக் குடியிருப்பாக மாற்றியவர்கள் ஏழைகள். நிலம் மதிப்புப் பெற்றபின் அதன் எதிர்காலத்தை முடிவு செய்ய முன்வந்தவர்கள் வேறு பலர்.

தாராவியில் வீடும் தொழிற்கூடமும் பெரும்பாலும் ஒன்றே. தோற்பொருள், மட்பாண்டம், தையல், பழைய பிளாஸ்டிக் பிரித்தல், விற்பனைக்கு இட்லி அவித்தல் ஆகியன ஒரே கூரையின்கீழ் நடைபெறுகின்றன. சூளையோடு வாழும் குயவருக்கு அடுக்குமாடியில் ஓர் அறையைக் கொடுத்தால், தங்குமிடம் கிடைக்கும், வாழ்வாதாரம் போய்விடும். வெளியிலிருந்து வரைபவர் பார்வைக்கு எளிதில் தப்பும் உண்மை இது. அங்கு வாழ்பவர் இதை ஒருபொழுதும் மறப்பதில்லை.

2. எண்ணுதல் என்னும் முதற்படி

கோலார் தங்கவயலில் தமிழ்க் குடும்பத்தில் 1947இல் பிறந்த ஜோக்கின் அற்புதம், இளமையில் பம்பாய் சென்று மான்கூர்ட் பகுதியிலுள்ள ஜனதா காலனியில் குடியேறினார். அணு ஆராய்ச்சி நிலையத்தின் தேவைக்காக அக்காலனியை அகற்ற முடிவு செய்யப்பட்டது. மக்கள் பல ஆண்டுகள் போராடியும், அவசரநிலைக் காலத்தில், 1976 மே மாதத்தில் அது இடித்துத் தள்ளப்பட்டது. ஏறத்தாழ 70,000 பேர் சீட்டா கேம்ப் என்னும் இடத்துக்கு மாற்றப்பட்டனர். எதிர்ப்பு மட்டும் போதாது, மாற்றுத் திட்டமும் மக்கள் கையில் இருக்கவேண்டும் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்தியது. அற்புதம் தோற்றுவித்த தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பு பின்னாளில் சென்ற வழியும் அதுவே.

1985 ஜூலையில் உச்ச நீதிமன்றம், நடைபாதைவாசிகள் வழக்கில், பிழைக்கும் உரிமை வாழும் உரிமையின் பகுதி என்று கூறியது. ஆயினும், முறையான அறிவிப்புடன் அவர்களை அகற்றலாம் எனவும் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில், ஸ்பார்க் என்னும் தொண்டு நிறுவனம் நடைபாதைவாசிகளின் துணையோடு அவர்களைக் கணக்கெடுத்தது. ஏறத்தாழ 6,000 குடும்பங்கள், 27,000 பேர் பதிவாயினர். இம்மக்கள் நேற்று வந்து நாளை போகிறவர்கள் என்னும் எண்ணம் தவறு என்பது வெளிப்பட்டது. பலர் பல்லாண்டுகளாக அதே நடைபாதையில் குடும்பம் நடத்தி, நகரத்துக்கு உழைத்து வந்தவர்கள்.

தாராவியிலும் இதுவே நடைபெற்றது. 1979 முதல் 'பிரௌட்' என்னும் மக்கள் அமைப்பு தண்ணீர், கழிப்பிடம், வடிகால் ஆகியவற்றுக்காக மக்களை ஒன்றுதிரட்டி வந்தது. 1985இல் பிரதமர் இராஜீவ் காந்தி பம்பாய்க்கு 100 கோடி ரூபாய் அறிவித்தார். அதில் ஒரு பகுதி தாராவிக்கு ஒதுக்கப்பட்டது. அரசின் மதிப்பீட்டை ஏற்காத குடிசைவாசிகள் கூட்டமைப்பு 1986இல் தானே கணக்கெடுத்தது. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களும் ஏறத்தாழ 5.3 இலட்சம் மக்களும் அங்கு வாழ்வது தெரிந்தது. அரசு கொண்டிருந்த மதிப்பீட்டினும் இது மிக அதிகம். எண்ணப்படாதவருக்கு எத்திட்டத்திலும் இடமில்லை. ஆகவே, யார் எண்ணுகிறார் என்பது திட்டமிடுதலின் முதல் வினாவாகிறது.

3. அளந்து காட்டுதல்

எண்ணியபின் மக்கள் தாங்களே வீட்டை வடிவமைக்கவும் முற்பட்டனர். 1986இல் உருவான 'மகிளா மிலன்' என்னும் பெண்கள் அமைப்பினர், முழு அளவில் மாதிரி வீடுகளைக் கட்டிக் காட்சிக்கு வைத்தனர். காகிதத்தில் கோடு படிக்க இயலாதவரும் அவ்வீட்டினுள் நுழைந்து, அடுப்பு எங்கே, குழந்தை உறங்குமிடம் எங்கே என்று நடந்து பார்த்துத் தீர்ப்புக் கூற முடிந்தது. சுமார் 14 அடி உயர அறையில் பரண் தளம் ஒன்றை அமைத்தால் சிறிய இடத்திலும் இரு தலைமுறை வாழலாம் என்பது இவ்வாறு மக்களிடமிருந்து எழுந்த கருத்து.

இம்முறையின் பயன் 2000–2001ஆம் ஆண்டுகளில் வெளிப்பட்டது. இரயில் பாதையை ஒட்டி வாழ்ந்த ஏறத்தாழ 60,000 பேர், காவல் துறையின் வன்முறையின்றி மாற்றுக் குடியிருப்புகளுக்குச் சென்றனர். தங்களைப் பதிவு செய்தலும், அண்டை வீட்டாரைக் குழுக்களாகப் பிரித்தலும், வீடுகளைப் பங்கிடுதலும் அவர்களுடைய அமைப்பின் பொறுப்பிலேயே நடைபெற்றன. ஆயினும், பிழைப்பிடத்திலிருந்து தொலைவு, பராமரிப்புச் செலவு ஆகிய துன்பங்கள் அங்கும் எஞ்சின. மக்களின் பங்கு எல்லா இழப்பையும் நீக்கிவிடும் என நாம் கூறவில்லை. எந்த இழப்பை ஏற்பது என்பதை அவர்களே அறிந்து முடிவு செய்ய அது வழிவகுக்கிறது.

4. ஒப்புதலும் பங்கேற்பும்

1995இல் மகாராஷ்டிரத்தில் வந்த குடிசைப் புனரமைப்புத் திட்டம், கட்டுமான நிறுவனம் பணி தொடங்குமுன் 70 விழுக்காடு மக்களின் ஒப்புதலைக் கோரியது. 2004இல் தொடங்கிய தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தில், அது அரசின் திட்டம் என்னும் காரணத்தால் அந்நிபந்தனை தளர்த்தப்பட்டது. 2022இல் அதானி குழுமம் ஒப்பந்தப்புள்ளியில் வெற்றி பெற்றது. 2024இல் வீடுதோறும் கணக்கெடுப்புத் தொடங்கியது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்த தரைத்தளவாசிகளுக்கு அங்கேயே 350 சதுர அடி வீடு இலவசம் என்பது இதன் விதி. பின்னர் வந்தோருக்கும் மேல்தளத்தில் வாழ்வோருக்கும் தாராவிக்கு வெளியே வேறு ஏற்பாடு. ஒரே படிக்கட்டைப் பயன்படுத்திய இரு குடும்பங்களை ஒரு தேதியும் ஒரு தளமும் பிரித்துவிடுகின்றன.

ஒப்புதல் என்பது பிறர் வரைந்ததற்கு இடும் கையொப்பம். பங்கேற்பு என்பது கோடு விழுமுன் பேசும் உரிமை. முந்தையதுகூட இல்லாத இடத்தில் பிந்தையது எவ்வளவு தேவை என்பது சொல்லாமலே விளங்கும்.

மக்கள் என்போரும் ஒரே தன்மையர் அல்லர் என்பதை மறத்தலாகாது. வீட்டு உரிமையாளர் பேசும் கூட்டத்தில் வாடகைக்கு இருப்பவர் வாய் திறப்பதில்லை. ஆண்கள் அமர்ந்த கூட்டத்தில் கழிப்பிடம் பற்றிய பேச்சு எழுவதில்லை. சாதிச் சங்கத் தலைவர் ஒப்பினால் அனைவரும் ஒப்பியதாகக் கொள்ளப்படுகிறது. இக்குறைகளைக் காணாதவர் பங்கேற்பு என்னும் பெயரால் வலியவர் சிலரின் விருப்பத்தையே நிறைவேற்றுவர்.

5. போதகரின் பணி

எருசலேமின் அலங்கத்தைப் பழுதுபார்த்தவர்களின் பட்டியலை நெகேமியாவின் மூன்றாம் அதிகாரத்தில் காண்கிறோம். பலர் தத்தம் வீட்டுக்கு எதிரே இருந்த பகுதியைக் கட்டினர். ஆனால், ஐந்தாம் அதிகாரத்தில் வயலையும் பிள்ளைகளையும் அடகு வைத்த ஏழைகளின் கூக்குரல் எழுகிறது. நெகேமியா அவ்வழக்கைத் தீர்க்க முற்படுகிறார். இவ்விரு அதிகாரங்களையும் சேர்த்தே நாம் பிரசங்கிக்கவேண்டும்.

நடைமுறையில் நாம் செய்யத்தக்கவை சில உண்டு. சபைக் குடும்பங்களின் அட்டவணையைப் பேணும் வழக்கம் நம்மிடம் உள்ளது. அப்பழக்கத்தைத் தெரு முழுவதற்கும், பிற சமயத்தாருக்கும் பயன்படுமாறு விரிக்கலாம். ஞானஸ்நானப் பதிவேடும் திருமணப் பதிவேடும் ஒரு குடும்பம் எந்த ஆண்டில் எவ்விடத்தில் வாழ்ந்தது என்பதற்குத் துணைச்சான்றாக உதவக்கூடும். அவற்றைக் கறையானுக்கு விடாது காத்தல் ஏழைகளுக்குச் செய்யும் தொண்டு. ஆலய வளாகத்தைக் கூட்டத்துக்குத் திறந்துவிடலாம். தமிழகத்தில் 2022 நவம்பர் 1 அன்று நகர்ப்புற உள்ளாட்சிகளில் பகுதி சபைக் கூட்டங்கள் நடைபெற்றன. விக்கிரமசிங்கபுரம் போன்ற நகராட்சிகளில் உழைக்கும் போதகர்கள், இத்தகைய கூட்டங்களின் நாளையும் பொருளையும் மக்களுக்கு முன்கூட்டியே அறிவித்து, அவர்கள் கணக்கோடும் கோரிக்கையோடும் செல்ல ஆயத்தப்படுத்தலாம். அங்கு பேசவேண்டியவர் மக்களே. போதகர் அவர்களுக்காகப் பேசிவிடுவது உதவியாகாது.

ஓர் எச்சரிக்கையும் தேவை. புதுப்பிக்கப்படும் பகுதிகளில் திருச்சபைக்கும் ஆலயம், பள்ளி, மனை என உடைமைகள் இருத்தல் கூடும். அவற்றுக்கு நல்ல இடம் பெற்றுக்கொண்டு, ஆலயத்தைச் சூழ்ந்த குடும்பங்கள் வெளியேற்றப்படுகையில் நாம் வாளாவிருந்தால், நாமும் அத்திட்டத்தின் பங்காளிகளே. மாறாக, அக்குடும்பங்களின் வழக்கு முடியுமட்டும் நமது உடன்படிக்கையில் கையொப்பமிடுவதில்லை என்று உறுதி பூணலாம். அதற்கு இழப்பு உண்டு. அவ்விழப்பை ஏற்கும் சபையின் சொல்லுக்கே அத்தெருவில் மதிப்பிருக்கும்.