குதிரை லேசா நொண்டுதா? சாரட்டுல பூட்டாதீங்க!

புதுச்சேரி: முகூர்த்த நாள் வந்துவிட்டால் சாரட் வண்டிக்கும், மாப்பிள்ளை ஏறி வரும் வெள்ளைக் குதிரைக்கும் ஏக கிராக்கி. அந்த நேரம் பார்த்து குதிரை லேசாக நொண்டும். "அட்வான்ஸ் வாங்கியாச்சு, இன்னிக்கு ஒரு ராத்திரி சமாளிச்சிடலாம்" என்றுதான் வைத்திருப்பவருக்கு தோன்றும். தப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது. சில நாள் ஓய்வில் சரியாகி இருக்க வேண்டிய கால், அந்த ஒரு ஊர்வலத்தால் மாதக்கணக்கில் முடங்கி விடும்.

ஊர் எல்லையில் நிற்கிற அய்யனார் குதிரைக்கு கால் வலிக்காது. வாடகைக்கு ஓடுற குதிரைக்கு வலிக்கும், ஆனா வாய் விட்டு சொல்லாது. நாமதான் பார்க்கணும்.

தலை ஆட்டம்

எந்தக் கால் என்று கண்டுபிடிக்க, கெட்டியான சமதரையில் ஒருவர் கயிற்றை தளர்வாக பிடித்து குதிரையை மெதுவாக ஓட்டிக் காட்ட வேண்டும். இன்னொருவர் தலையை மட்டும் கவனிக்க வேண்டும். வலிக்கிற முன்னங்கால் தரையில் படும்போது தலை மேலே தூக்கும். நல்ல கால் ஊன்றும்போது தலை கீழே இறங்கும். பலரும் தலை இறங்குகிற பக்கத்து காலைத்தான் வலிக்கிற கால் என்று பிடித்துக் கொள்கிறார்கள். அது நேர் தலைகீழ். பின்னங்கால் என்றால் இடுப்பு ஏறி இறங்குவதைப் பார்க்க வேண்டும். வலி உள்ள பக்கம்தான் அதிகமாக ஆடும்.

குதிரை தன் எடையில் 100க்கு சுமார் 60 பங்கை முன்னங்கால்களில்தான் தாங்குகிறது. அதனால் நொண்டல் பெரும்பாலும் முன்னங்காலில்தான் வரும். அதிலும் கோளாறு அதிகம் இருப்பது குளம்பில். முதலில் குளம்பைத் தூக்கி, சாணி, மண்ணை சுரண்டி சுத்தம் செய்து பாருங்கள். கல் சிக்கி இருக்கலாம், லாடம் ஆடலாம். லாடம் அடித்த ஓரிரு நாளில் நொண்டினால் ஆணி சதையை நெருக்குகிறது என்று சந்தேகப்படணும். புறங்கையை நாலு குளம்பிலும் வைத்துப் பார்த்தால், ஒன்று மட்டும் சூடாக இருப்பது தெரிந்துவிடும். உள்ளே சீழ் கட்டினாலும் இப்படி சுடும்.

குளம்பின் அடியில் ஆணி ஏறி இருந்தால் அவசரப்பட்டு பிடுங்க வேண்டாம். எந்த இடம், எவ்வளவு ஆழம் என்பது டாக்டருக்கு தெரிய வேண்டும். அவர் வர தாமதம் ஆகும், ஆணி இன்னும் உள்ளே இறங்கும் என்றால், செல்போனில் படம் எடுத்து, இடத்தை அடையாளம் வைத்துவிட்டு எடுக்கலாம். ரணஜன்னி தடுப்பூசி கட்டாயம். அந்த நோய் குதிரையை தாக்குவது போல வேறு கால்நடையை தாக்காது.

முழங்காலுக்கு கீழே பின்பக்க நரம்பு தடித்து, சூடாக இருந்தால் 15, 20 நிமிடம் குளிர்ந்த தண்ணீர் விடலாம். ஒரு நாளைக்கு மூணு, நாலு தடவை செய்யலாம். "கடல்ல இறக்கி நடத்தினா சரியாயிடும்" என்பார்கள். தண்ணீர் நல்லதுதான். ஆனால் கால் புதைகிற மணலில் நடந்தால் அதே நரம்பு இன்னும் இழுபடும்.

பந்தி மிச்சம் ஆபத்து

கல்யாண வீட்டில் மிஞ்சிய சோறு, இனிப்பை அள்ளிப் போடுவதும், தானியத்தை அளவில்லாமல் கொடுப்பதும் காலைத்தான் கெடுக்கும். குளம்புக்குள் வீக்கம் வந்து, இரண்டு முன்னங்கால்களும் சுட, குதிரை பின்னால் சாய்ந்தபடி நகராமல் நிற்கும். அதை நடக்க வைக்கக் கூடாது. உடனே டாக்டரை கூப்பிடணும். காலை ஊன்றவே இல்லை, மூட்டு அருகே காயம், காய்ச்சல் என்றாலும் அப்படித்தான்.

மெடிக்கல் கடையில் மனுஷனுக்கு விற்கிற வலி ஊசியை வாங்கிப் போடுகிறவர்களும் உண்டு. வலி மறையும், காயம் அப்படியே இருக்கும். குதிரை பாவம், கெட்ட கால் மேலேயே முழு பாரத்தையும் போடும். இதில் டைக்ளோபினாக் மருந்தை கால்நடைகளுக்கு கொடுக்க 2006லேயே தடை வந்துவிட்டது. அந்த மருந்து ஏறிய பிணத்தை தின்ற கழுகுகள் கூட்டம் கூட்டமாக செத்ததுதான் காரணம்.

சட்டமும் சும்மா விடாது. நோய், காயம் உள்ள விலங்கை வேலை வாங்குவது 1960ம் ஆண்டு மிருகவதை தடுப்புச் சட்டப்படி குற்றம். வண்டி இழுக்கும் விலங்குகளுக்கு 1965ல் தனி விதிகளே வந்தன. ஒரு நாளைக்கு 9 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. 5 மணி நேரத்துக்கு மேல் ஓய்வு இல்லாமல் ஓட்டக் கூடாது. வெயில் 37 டிகிரியை தாண்டும் இடங்களில் பகல் 12 முதல் 3 மணி வரை ஓட்டவே கூடாது.

லேசான நொண்டல்தான் என்றாலும் ஓய்வு கொடுத்து ரெண்டு நாளில் குறையவில்லை என்றால் காட்டிவிட வேண்டும். நம்ம ஊரில் குரும்பாபேட்டில் ராஜீவ்காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

நொண்டல் நின்ற அன்றே சாரட்டில் பூட்ட வேண்டாம். வலி மருந்து எதுவும் இல்லாமல், கெட்டித் தரையில் ஓட்டிப் பார்க்கும்போது தலை ஆடாமல் வரணும். அதன் பிறகும் முதல் சில நாள் வெறும் நடை மட்டும்தான். லாடத்தை 6 முதல் 8 வாரத்துக்கு ஒரு முறை கழற்றி, குளம்பை சீவி, திரும்ப அடிக்கணும்.